முன்னமாதிரியார்

பப்ஸை அவர் எடுத்தவுடன் கடிப்பதில்லை. முதலில் தட்டோடு தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். கட்டைவிரலால் அதன் முதுகை லேசாக அழுத்தி, நொறுங்கும் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுப்பார். அதற்காகப் பக்கத்தில் நிற்பவர் தன் பேச்சைச் சற்று நிறுத்திக்கொள்ள வேண்டும். பிறகு ஓர் ஓரத்தைப் பிய்த்து உள்ளே எட்டிப் பார்ப்பார். வெங்காய மசாலா ஒரு மூலையில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். மற்ற இடமெல்லாம் காற்று. இத்தனையும் முடிந்த பிறகுதான் வாய்க்குப் போகும். மென்றபடியே தலையை இடமும் வலமுமாக ஆட்டுவார். விழுங்கியதும் தீர்ப்பு.

"முன்ன மாதிரி இல்லீங்க."

சொல்லிவிட்டு முழுவதையும் தின்பார். தட்டில் உதிர்ந்த செதில்களை விரல் நுனியால் ஒற்றி எடுத்துத் தின்பார். அதன்பின் ஒரு தேங்காய் பன் சொல்வார். அதுவும் முன்ன மாதிரி இருக்காது.

கோயமுத்தூரிலும் சுற்றுவட்டாரத்திலும் பேக்கரிக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். வசதிக்காக முன்னமாதிரியார் என்று வைத்துக்கொள்வோம். வயது அறுபதைத் தாண்டியவர். மில்லிலோ மின்வாரியத்திலோ கூட்டுறவு வங்கியிலோ இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, பையில் ஒரு பேனா, அந்தப் பேனாவுக்கு வேலை கொடுக்காத மாலை நேரங்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் பேக்கரிக்குப் போவது ரொட்டி வாங்க மட்டுமல்ல. டீ குடிக்கப் பேக்கரி. ஆளைப் பார்க்கப் பேக்கரி. இடம் கைமாறுவது, ஜாதகம் கைமாறுவது, பஞ்சாயத்துத் தேர்தலில் யார் யாருக்கு வேலை செய்வது என்று முடிவாவது எல்லாம் அங்கேதான். "பேக்கரிக்கு வந்துருங்க" என்றால் நேரில் பேசலாம் என்று பொருள். ஆகவே ஒரு பேக்கரியின் பப்ஸ் கெட்டுப்போனால் அது அந்த ஊரின் சட்டமன்றம் கெட்டுப்போன மாதிரி. அப்படியிருக்க எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் இல்லாமல் எப்படி?

ஆனால் இந்த எதிர்க்கட்சித் தலைவர் வெளிநடப்பு செய்வதில்லை. "இவ்வளவு மோசமாப் போச்சுன்னா எதிர்த்தாப்ல புதுசா ஒண்ணு திறந்திருக்குதே, அங்க போலாமில்லீங்க?" என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அங்க முன்ன எப்படி இருந்துதுன்னு எனக்கெப்படீங்க தெரியும்?" என்றார். நியாயம்தான். ஒப்பிட்டு வருத்தப்பட முடியாத பப்ஸைத் தின்று என்ன பிரயோசனம்?

கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நிற்கும் பையன் பீகாரிலிருந்து வந்தவன். தமிழ் கற்றுக்கொண்டதே இந்தக் கடையில்தான். முன்னமாதிரியார் சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டு நாள் தவறாமல் சொல்லும் வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு, தின்றவர்கள் திருப்தியாகச் சொல்லும் நல்வார்த்தை அது என்று முடிவு கட்டிவிட்டான். வளைகாப்புக்கு நூறு பப்ஸ் ஆர்டர் கொடுத்திருந்த ஒரு குடும்பம் பெட்டிகளை வாங்க வந்தபோது, இரண்டு கையாலும் பெட்டியை நீட்டி, பல் தெரியச் சிரித்து, "முன்ன மாதிரி இல்லீங்கண்ணா!" என்றான். அவர்கள் கடை வாசலிலேயே பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்கள்.

முன்னமாதிரியார் சொல்லும் அந்தப் பொற்காலத்தைக் கொஞ்சம் கேட்கலாம். கேட்க நன்றாகவே இருக்கும். கடைக்குப் பின்னால் செங்கல் அடுப்பு. போர்மா என்பார்கள். விறகை உள்ளேயே போட்டு எரித்து, கங்கை வாரித் தள்ளிவிட்டு, சூடேறிய கல்லின்மேல் தட்டுகளை நீளக் கட்டைத் துடுப்பால் தள்ளுவார்கள். சாயங்காலம் மூன்றரை மணிக்கு அடுப்பைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டில் பொள்ளாச்சி வண்டிக்கு நிற்பவர்கள் வரிசையை விட்டுவிட்டு வருவார்கள். உப்பு பிஸ்கட்டைப் பழைய செய்தித்தாளில் கட்டி, உத்தரத்தில் தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்து, நாலு சுற்றுச் சுற்றிப் பட்டென்று அறுத்துக் கொடுப்பார் பழைய முதலாளி. வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் பிஸ்கட்டில் மந்திரிசபை மாற்றம் தலைகீழாகப் பதிந்திருக்கும். ஹனி கேக்கில் பாகு ஊறி அடிக்காகிதம் வரை இறங்கியிருக்கும். மேலே ஜாம், அதற்கு மேலே தேங்காய்த் துருவல். தேன் அப்போதும் கிடையாது. அதைப் பற்றி மட்டும் அவர் பேசமாட்டார்.

அந்தக் காலத்து மாஸ்டர் ஒருவர் உண்டு. முன்னமாதிரியாரின் வாயில் அவருடைய வம்சம் வருஷத்துக்கு வருஷம் வளர்கிறது. முதலில் அவர் பாலக்காட்டுக்காரராக இருந்தார். பிறகு எங்கோ ஒரு பத்திரிகையில் தலசேரிக் கதையை நம்மவர் படித்துவிட்டார். மம்பள்ளி பாபு என்பவர் அங்கே 1880-ல் பிஸ்கட் தொழிற்சாலை தொடங்கி, 1883 கிறிஸ்துமஸுக்கு ஒரு வெள்ளைக்காரத் தோட்டமுதலாளிக்காகக் கேக் சுட்டுக் கொடுத்தார் என்று கேரளத்தில் பெருமையாகச் சொல்லப்படும் கதை. படித்த மறுநாளிலிருந்து மாஸ்டர் தலசேரிக்காரர் ஆகிவிட்டார். "அந்தக் கைப்பக்குவம் நேரா வந்ததுங்க." பெங்களூர் சிக்பேட்டையில் 1898-ல் ஹாசன் பக்கத்து ஐயங்கார் ஒருவர் பேக்கரி தொடங்கிய கதையை நான் இதுவரை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மாஸ்டருக்குப் பூணூல் போட்டுவிடுவார்.

பொற்காலத்தின் நடுநாயகம் வெண்ணெய். "அப்பல்லாம் சுத்தமான வெண்ணெய்ங்க. வாயில வெச்சாக் கரையும். இப்ப மேலண்ணத்துல போயி மெழுகாட்டம் ஒட்டிக்குது." இதில் பிற்பகுதி உண்மை. முற்பகுதிதான் இடிக்கிறது. ஒன்றரை ரூபாய்க்கு விற்ற பப்ஸில் எந்த முதலாளி வெண்ணெய் போட்டிருப்பார்? அது வனஸ்பதி. 1937-ல் டால்டா என்ற பெயரில் வந்து, மஞ்சள் டப்பாவில் பனைமரப் படத்தோடு நம் அடுப்படிகளையெல்லாம் ஆண்டதே, அதுதான். கிரீம் பன்னுக்குள் இருந்ததும் பெரும்பாலும் வனஸ்பதியும் பொடித்த சர்க்கரையும். பிறந்தநாள் கேக்கின் மேல் ரோஸ் நிறத்தில் பூத்திருந்த ரோஜாவும் அந்தக் குடும்பம்தான். கடித்தால் பல்லுக்கும் பூவுக்கும் போட்டி நடக்கும்.

பப்ஸின் ரகசியமே கொழுப்புதான். மைதா மாவைத் தேய்த்து, அதன்மேல் கொழுப்பைப் பரப்பி, மூன்றாக மடித்து, மறுபடி தேய்த்து, மறுபடி மூன்றாக மடிப்பார்கள். இப்படி நாலு தடவை மடித்தால் 81 அடுக்கு. அடுப்பில் மாவிலுள்ள ஈரம் ஆவியாகி அடுக்குகளைத் தூக்கிவிட, கொழுப்பு அவை ஒட்டாமல் காக்கும். அதற்கு அந்தக் கொழுப்பு நம் ஊர் வெயிலிலும் இளகாமல் நிற்க வேண்டும். பழைய வனஸ்பதி நின்றது. நின்றதற்குக் காரணமான வேதிச் செய்கையிலேயே டிரான்ஸ் கொழுப்பும் பிறந்தது. அது இதயக் குழாய்க்கு ஆகாது என்று தெரிந்த பிறகு அரசு கயிற்றை இறுக்கிக்கொண்டே வந்தது. எண்ணெய், கொழுப்புகளில் 2021-ல் 3 சதவீதத்துக்கு மேல் கூடாது, 2022-லிருந்து 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று விதி. கொழுப்பு மாறியது, வாயில் அது கரையும் விதமும் மாறியது. ரொட்டி கதையும் இதேதான். "பிரட்டு முன்ன மாதிரி உப்பறதில்லீங்க" என்பார். உப்ப வைத்த சரக்குகளில் ஒன்று பொட்டாசியம் புரோமேட். 2016-ல் அதற்குத் தடை வந்துவிட்டது. ஆக, அவர் ஏங்குகிற அந்த ருசியில் ஒரு பங்கை இன்றைக்கு அப்படியே செய்து கொடுத்தால் உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து கடையில் நோட்டீஸ் ஒட்டுவார்.

இதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். டீயை ஒரு மிடறு விழுங்கினார்.

"பாத்தீங்களா, அப்ப விஷங்கூட ருசியா இருந்திருக்குது. இப்ப?"

அவரிடம் விவாதம் செய்யப் போகிறவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மனிதர் வெறுமனே பழம்பெருமை பேசுகிறார் என்று தள்ளிவிட முடியாது. கடை கெட்டுத்தான் போயிருக்கிறது. அது எங்கே தொடங்கியது என்பதும் எனக்குத் தெரியும். முதல் கிளை திறந்த நாளில். ஒரு கடை இருந்தவரை மாஸ்டர் பின்னால் இருந்தார், முதலாளி முன்னால் இருந்தார், தீய்ந்த தட்டு ஒன்று வந்தால் இரண்டு பேரும் கத்திக்கொள்ளும் சத்தம் நமக்கே கேட்கும். அந்தச் சண்டைதான் தரக்கட்டுப்பாடு. இப்போது அவிநாசி ரோட்டில் ஒன்று, சரவணம்பட்டியில் ஒன்று என்று கிளைகள். சரக்கெல்லாம் ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் தயாராகி வேனில் வருகிறது. கேக்குக்கு மூட்டையில் வரும் ரெடி மாவு, பஞ்சு மாதிரி நிற்பதற்கு ஜெல், மேலே பாலே இல்லாத கிரீம். ராத்திரி பிசைந்து வைத்து விடிகாலையில் சுடும் மாவு போய், இம்ப்ரூவர் போட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுப்பிவிடும் மாவு வந்துவிட்டது. காலையில் சுட்ட பப்ஸை மாலையில் மைக்ரோவேவில் வைத்துச் சூடாக்கித் தருகிறார்கள். அது சூடாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் ஈரமெல்லாம் மேலேறி மொறுமொறுப்பைக் கொன்றுவிடும். முன்னமாதிரியாரின் கட்டைவிரல் அழுத்தினால் சத்தம் வராததற்கு அறிவியல் காரணம் இருக்கிறது.

முட்டை பப்ஸ் விஷயத்தில் அவருக்குக் கோபமே வரும். "நாமக்கல் இந்தா இருக்குது. நாடு பூராவுக்கும் அங்கிருந்துதான் முட்டை போகுது. நமக்கு அரை முட்டை!" முன்பும் அரை முட்டைதான் வைத்தார்கள் என்பது என் ஞாபகம். அவருடைய ஞாபகத்தில் அது முழு முட்டை. மஞ்சள் கரு கொஞ்சம் பெரிதாகக்கூட இருந்ததாம்.

பழைய முதலாளியின் மகன் இப்போது கல்லாவில் இருக்கிறார். எம்.பி.ஏ. படித்தவர். ரெட் வெல்வெட், பிஸ்காஃப் சீஸ்கேக் என்று அலமாரியை நிரப்பியிருக்கிறார். முன்னமாதிரியாரைக் கண்டதும் எழுந்து, "வாங்கண்ணா, இன்னைக்கு எப்படி இருக்குதுங்க?" என்று கேட்பார். கேட்காவிட்டாலும் பதில் வரும் என்பது அவருக்குத் தெரியும். "தம்பி, உங்கப்பா இருக்கறப்போ..." என்று நம்மவர் ஆரம்பிக்க, அவர் கைப்பேசியைப் பார்த்தபடி 'ம்' கொட்டுவார். அப்பாவும் அந்தக் காலத்தில் இதே மாதிரி 'ம்' கொட்டியவர்தான் என்பதைப் பழைய ஆட்கள் அறிவார்கள். கைப்பேசிக்குப் பதில் கணக்கு நோட்டு.

2024 செப்டம்பரில் கோவையில் மத்திய நிதியமைச்சர் முன்னிலையில் ஓட்டல்காரர் ஒருவர், பன்னுக்கு வரியில்லை, அதற்குள் கிரீம் வைத்தால் 18 சதவீதம், வாடிக்கையாளர் கிரீமைத் தனியாகக் கொடு நானே வைத்துக்கொள்கிறேன் என்கிறார் என்று சொல்லப்போய் நாடே சிரித்ததே, அந்த வாரம் முன்னமாதிரியாருக்கு யோகம். கடையில் கேட்காதவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். அவருடைய வாதம் ஒன்றே ஒன்று. "வரி போடறதுக்கு உள்ள கிரீம் எங்கீங்க இருக்குது?" மறுவருஷம் செப்டம்பர் 22-லிருந்து கேக், பிஸ்கட்டுக்கெல்லாம் வரி 5 சதவீதமாகக் குறைந்தபோது காலையிலேயே கடைக்கு வந்துவிட்டார். பப்ஸ் விலை அப்படியே இருந்தது. முகத்தில் அப்படியொரு நிம்மதி.

வீட்டில் இவரை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டால் அவர் மனைவி சிரிக்கிறார். "அவிங்களுக்குச் சக்கரை வந்து பத்து வருஷமாச்சுங்க. மாத்திரை முழுங்கி முழுங்கி நாக்கே வேற நாக்காயிருச்சு. கடைக்காரன் என்ன பண்ணுவான்?" வயதானால் மூக்கு மங்கும், மூக்கு மங்கினால் பாதி ருசி போய்விடும் என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள். இதை அவரிடம் சொல்லிப் பயனில்லை. மழை வருவது வானிலை மையத்துக்கு முன்னால் தன் மூக்குக்குத்தான் தெரியும் என்பார்.

டெக்சாஸில் இருக்கும் மகள் ஊருக்கு வந்து திரும்பும்போது பெட்டியில் என்ன வைக்கிறார் தெரியுமா? இந்தக் கடையின் தேங்காய் பிஸ்கட் இரண்டு கிலோ, உப்பு பிஸ்கட் இரண்டு கிலோ. உடையாமல் இருக்கத் தன் பழைய வேட்டியில் சுற்றிக் கொடுக்கிறார். "நல்லாவே இல்லேன்னு சொல்வீங்களேப்பா?" என்று மகள் கேட்டதற்கு, "இருக்கட்டும் அம்மிணி, நல்லா இல்லேன்னு தெரிஞ்சுக்கறதுக்காவது தின்னு பாரு" என்றார்.

இவருடைய சொந்தக்காரர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். திருநெல்வேலியில் அல்வாக் கடை விளக்கடியில் ஒருவர் நிற்கிறார். "தாமிரவருணித் தண்ணியே மாறிட்டுல்லா" என்பார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்கு ஒருவர். ஊட்டியில் வர்க்கிக்கு ஒருவர்; அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, போன உயிருக்குப் பொன்னாடை என்று சொன்னவர். தூத்துக்குடியில் மக்ரூனைக் கையில் வைத்து முந்திரி எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று எடை போடுகிறவரை நானே பார்த்திருக்கிறேன். இவர்கள் எல்லோரும் ஒருநாள் ஒரே மண்டபத்தில் கூடினால் பந்தியில் என்ன போடுவது என்பதுதான் சிக்கல்.

போன மாதம் ஒரு சாயங்காலம் கடையில் சரியான கூட்டம். நிற்கும் மேசையில் முன்னமாதிரியார், நான், தோளில் கணினிப் பை மாட்டிய ஒரு பையன், எங்களுக்கு நடுவயதில் ஒருவர். ஓரத்து நாற்காலியில் கைத்தடியோடு ஒரு பெரியவர், டீயில் பன்னை முக்கிக்கொண்டிருந்தார். பையன் பப்ஸை ஒரு கடி கடித்துவிட்டு யாரிடமென்றில்லாமல் சொன்னான்.

"முன்ன மாதிரி இல்லைல்ல?"

முன்னமாதிரியார் திரும்பினார். கட்சியில் ஓர் இளைஞர் சேர்ந்திருக்கிறார்! முகம் மலர்ந்தது. "எந்தக் காலத்தைச் சொல்றீங்க தம்பி?"

"நான் எட்டாவது படிக்கறப்போங்கண்ணா. ஸ்கூல் விட்டு வந்து தின்போம். செமையா இருக்கும்."

மலர்ந்த முகம் வாடியது. அவர் மனசுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. பையன் எட்டாவது படித்தது அவருடைய கணக்கில் இருண்ட காலத்தின் நடுப்பகுதி. அடுப்பை இடித்து, மாஸ்டர் போய், முதல் கிளையும் திறந்தாகிவிட்டது. அந்தப் பப்ஸை இவர் அன்றைக்கே வாயில் வைக்க முடியாது என்று அறிவித்து, அதன்பிறகு தினமும் வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அது பப்ஸே இல்ல தம்பி. உங்களை ஏமாத்தியிருக்காங்க."

"இல்லீங்ண்ணா, நெஜமாலுமே நல்லா இருக்கும்."

"ரெண்டு பேரும் சொல்றது தப்புங்க" என்று நடுவயதுக்காரர் உள்ளே வந்தார். "டிவியில 'சித்தி' ஓடிட்டிருந்த சமயம். அப்பத்தான் இந்தக் கடை உச்சத்துல இருந்துது. ஒன்பதரைக்கு நாடகம் ஆரம்பிக்கறதுக்குள்ள பார்சல் வாங்கிட்டு ஓடுவோம்."

"அப்பவே போர்மா இல்லீங்க!"

"போர்மா எதுக்குங்க? ருசிதானே வேணும்?"

போர்மா எதற்கு என்று ஒருவர் கேட்டுவிட்டார். முன்னமாதிரியாருக்குக் கை நடுங்கியது. விறகு, கங்கு, துடுப்பு, தலசேரி என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். குரல் ஏறியது. டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பையன் தன் எட்டாம் வகுப்பை விட்டுக்கொடுக்கவில்லை.

அப்போது ஓரத்திலிருந்த பெரியவர் கைத்தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஏனப்பா சத்தம் போடறீங்க? காமராசர் முதலமைச்சரா இருக்கறப்போ இங்க ஒரு ஓலைக்கொட்டாய். பன்னு ஒண்ணுதான் போடுவாங்க. அது பன்னு." நிறுத்தி, முன்னமாதிரியாரின் தட்டைப் பார்த்தார். "இந்தப் பப்ஸுன்னு ஒரு கருமத்தை என்னைக்கு ஆரம்பிச்சானுகளோ, அன்னைக்கே போச்சு கடை. அப்பறம் நல்ல பண்டம் ஒண்ணுகூட இங்க வந்ததில்ல."

மேசை அமைதியானது. தன்னைவிட மூத்த ஏமாற்றம் ஒன்று இந்த ஊரில் இருக்கும் என்று முன்னமாதிரியார் எதிர்பார்க்கவில்லை. பதிலுக்கு வாயைத் திறந்தார், மூடினார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்தக் கடையில் அவர் வாயிலிருந்து யாரும் கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

"அப்படியெல்லாம் சொல்லக்கூடாதுங்கய்யா. இன்னைக்கும் இந்தச் சுத்துவட்டாரத்துல இவங்களை அடிச்சுக்க ஆளில்லீங்க."

கல்லாவில் இருந்த மகன் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

அதைக் கவனித்ததும் முன்னமாதிரியார் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "பப்ஸைத் தவிர."